22-வது வேதாளர் எப்போது வருவார்?

கேட்டவர் சிறு வயதில் வேதாளர் (ஆங்கிலத்தில் The Phantom) என்ற முகமூடி நாயகனின் படக்கதைகளை விரும்பிப் படித்தவர். அந்தப் புத்தகங்களை இப்போது தன் மகனிடம் கொடுத்திருக்கிறார். பையன் பத்துப் பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்துவிட்டானாம். குதிரையில் வருகிறார், முரசடித்துச் செய்தி அனுப்புகிறார்கள், காட்டு மக்கள் எல்லாரும் ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்து நடுங்குகிறார்கள், இதெல்லாம் என்னப்பா என்று கேட்டிருக்கிறான். இந்தத் தொடரை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து புதிதாக எழுதிவிடலாமா, இல்லை பழையதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுவதா, ரசிகர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது கேள்வி. பையன் எதில் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

நான் இந்தத் தொடரை விடாமல் படிப்பவன். நாளிதழில் தினமும் இரண்டு மூன்று கட்டமாக வரும் பழைய துண்டுகளைத் தேடித் தேடி வரிசைப்படுத்திப் படித்தவன். என்னைக் கேட்டால் மாற்ற வேண்டும், நிறையவே மாற்ற வேண்டும். ஆனால் முதலிலிருந்து எழுதத் தேவையே இல்லை. மாறுவதற்கான வழியை இதைப் படைத்த லீ ஃபால்க் 1936-லேயே கதைக்குள் வைத்துவிட்டார். அந்த வழியில் கடைசிவரை நடந்து பார்க்க இன்னும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

என்ன வழி அது? வேதாளர் ஒரே ஆள் இல்லை. 1536-ல் சிங் கடற்கொள்ளையர்கள் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். கரை ஒதுங்கிய ஒரே ஒருவனைப் பந்தார் என்ற குள்ளமான காட்டு இன மக்கள் காப்பாற்றுகிறார்கள். தன் தகப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் அவன் சத்தியம் செய்கிறான். கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி இவற்றை ஒழிப்பதே என் வாழ்க்கை, என் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் இதைத் தொடர்வார்கள் என்பது அந்தச் சத்தியம். அப்பா இறந்ததும் மகன் அதே உடையைப் போட்டுக்கொள்கிறான். வெளியுலகம் அதே ஆள் நானூறு வருடமாக உயிரோடு இருப்பதாக நம்புகிறது. நாம் படிப்பது 21-வது வேதாளரின் கதை.

மற்ற நாயகர்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1930-களில் பிறந்த ஒரு நாயகனை இன்றும் முப்பது வயதிலேயே வைத்திருக்க எழுதுகிறவர்கள் படாத பாடு படுகிறார்கள். அவன் கலந்துகொண்ட போரை மாற்ற வேண்டும், பிறந்த வருடத்தை மறைக்க வேண்டும், பத்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். வேதாளருக்கு அந்தத் தொல்லை கிடையாது. 21-வது ஆள் ஓய்வு பெறலாம், சாகலாம், 22-வது ஆள் வரலாம். வேதாளர்கள் வாழும் குகையில் தலைமுறை தலைமுறையாக எழுதி அடுக்கி வைத்திருக்கும் குறிப்பேடுகளில் பழைய கதை ஒன்றுகூடக் கெடாது. இப்படி ஒரு வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே 21-வது ஆளையே இத்தனை வருடமாகக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் இந்தக் கருவிகள் சமாச்சாரத்தை முடித்துவிடுகிறேன், இது பெரிய பிரச்சினையே இல்லை. குதிரையை எடுத்துவிட்டு வண்டி கொடுப்பது, முரசுக்குப் பதில் செல்போன், உடைக்குப் பதில் கவசம், இவையெல்லாம் ஏற்கனவே முயன்று பார்த்தவைதான். 2010-ல் வந்த தொலைக்காட்சிக் குறுந்தொடரில் ஊதா உடையைக் கழற்றிவிட்டு நவீன உடை ஒன்றை மாட்டிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய உடை அது, மனதில் நிற்கவே இல்லை. உடையின் நிறம் எவ்வளவு அற்பமான விஷயம் என்பதற்குத் தொடரின் வரலாறே சாட்சி. ஃபால்க் மனதில் நினைத்தது சாம்பல் நிறம். 1939-ல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் தொடங்கியபோது அது ஊதாவாக வந்துவிட்டது, அப்படியே நிலைத்தும்விட்டது. இத்தாலியிலும் துருக்கியிலும் பிரேசிலிலும் அவருக்குச் சிவப்பு உடை, ஸ்வீடன் பக்கம் நீலம். எந்த ஊர் வாசகருக்கும் அவர் வேதாளராகத்தான் தெரிந்தார். ஆக, உடை மாறினால் தொடர் செத்துவிடும் என்பதும் பொய், உடை மாறினால் தொடர் பிழைத்துவிடும் என்பதும் பொய்.

கருவிகளைக் கதையாக மாற்றத் தெரிந்தால் அது தனி ருசி. எனக்கு மிகவும் பிடித்த சின்ன விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். கதையில் காட்டைக் காவல் காக்கும் ரோந்துப் படை ஒன்று உண்டு, அதன் தலைவர் யார் என்று படையில் யாருக்குமே தெரியாது. படைத் தலைமையகத்தில் ஓர் அறை, அதில் ஒரு பழைய இரும்புப் பெட்டகம். உத்தரவு வந்திருந்தால் பெட்டகத்தின் மேல் விளக்கு எரியும். கர்னல் போய்த் திறந்தால் உள்ளே கடிதம் இருக்கும். பதில் எழுதி உள்ளே வைத்துப் பூட்டினால், கொஞ்ச நேரத்தில் பெட்டகம் காலி. அறைக் கதவைத் தாண்டி யாரும் போகவில்லை, வரவில்லை. ரகசியம் என்னவென்றால் பெட்டகத்துக்கு அடிப்பக்கம் திறக்கும், கீழே சுரங்கம், அந்தச் சுரங்கம் வெளியே ஒரு பாழுங்கிணற்றில் போய் முடியும். வேதாளர் அந்த வழியாக வந்து போகிறார்.

இப்போது இதில் செல்போனை நுழைத்தால் பெட்டகமே வேண்டாம், ஒரு குறுஞ்செய்தி போதும், கதை செத்தது. ஆனால் பெட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, புதிதாகப் படையில் சேர்ந்த ஒரு கெட்டிக்காரப் பெண், கட்டைவிரல் அளவு கேமரா ஒன்றை அறையின் மூலையில் ஒட்டி வைத்துவிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணம் இல்லை, யாருக்குக் கீழே உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ள நினைக்கிறாள், அவ்வளவுதான். கர்னலுக்கு அது தெரியவருகிறது. அவருக்கும் இத்தனை வருடமாக அதே ஆசை மனதுக்குள் இருந்திருக்கிறது. அவர் அந்தப் பதிவைப் பார்ப்பாரா, அழிப்பாரா? இந்தக் கதையை நான் ஆறு மாதம் தினமும் மூன்று கட்டமாகப் படிக்கத் தயார். பழசு பழசாகவே இருக்கட்டும், புதுசு வந்து அதை நெருக்கட்டும், அந்த நெருக்கடியில் ஒரு கதை பிறக்கட்டும். நவீனப்படுத்துவது என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, பையன் கேட்ட கடைசி விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் உண்மையான கேள்வி. வெள்ளைக்காரர் ஒருவர் காட்டுக்குள் மண்டையோட்டு வடிவ சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் கறுப்பு மக்கள் கைகட்டி நிற்கிறார்கள். இந்தக் காட்சியைப் பார்த்து இன்றைக்கு ஒரு சிறுவனுக்கு உறுத்துகிறது என்றால் அவன் சரியாக வளர்கிறான் என்று அர்த்தம். அதை மழுப்பிப் பேச மாட்டேன். நாம் ரசித்துப் படித்த நிறையக் கதைகளில் அந்தக் காலனியக் கண் இருக்கிறது. காட்டு மக்கள் குழந்தைகள் மாதிரி, மூடநம்பிக்கைக்காரர்கள் மாதிரி, அவர் வந்தால்தான் சண்டை நிற்கும் என்பது மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. தொடக்கக் காலத்தில் கதை நடந்த இடம்கூடக் குழப்பம்தான். ஆசியக் கடலோரமாகத் தொடங்கி, 1960-களில் ஆப்பிரிக்காவில் போய் நிலைகொண்டது. எழுதியவருக்கு அது ஒரு கற்பனைக் காடு, எந்த மக்களின் நிஜமான காடும் இல்லை.

ஆனால் ஃபால்க்குக்கே இந்த உறுத்தல் இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1960-களில் பங்காலாவில், அதாவது கதை நடக்கும் கற்பனை நாட்டில், தேர்தல் நடக்கிறது. லமாண்டா லுவாகா என்ற கறுப்பு மருத்துவர் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார், பபாபு என்ற தளபதி அவரைச் சிறையில் தள்ளி ஆட்சியைப் பிடிக்கப் பார்க்கிறான். வேதாளர் அந்தக் கதையில் செய்வது என்ன? தேர்ந்தெடுக்கப்பட்டவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அப்புறம் ரோந்துப் படையில் கர்னல் வீக்ஸ் போய்க் கர்னல் வொரூபு வருகிறார், படைக்கு ஒரு கறுப்புத் தலைவர். மந்திரவாதி நாயகனை வைத்து ஃபால்க் எழுதிய இன்னொரு தொடரான மாண்ட்ரேக்கில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 1934-ல் வந்த லோதார், சிறுத்தைத் தோலும் துருக்கித் தொப்பியுமாக, உடைந்த ஆங்கிலம் பேசும் வேலைக்காரன். 1965-ல் ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் வரையத் தொடங்கியபோது தொப்பி போயிற்று, உடைந்த பேச்சும் போயிற்று, மாண்ட்ரேக்குக்குச் சமமான நண்பனாக நிமிர்ந்து நின்றான். தொடர் நிறுத்தப்படவில்லை, லோதார் வேறு ஆளாக மாற்றப்படவும் இல்லை. அதே லோதார், மரியாதையோடு. படைத்தவரே தன் கையால் திருத்தியதை, பழசில் கைவைக்காதே என்று கத்தும் ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இங்கேயிருந்து நான் இன்னும் ஒரு படி போகச் சொல்வேன். வேதாளர் சாகாதவர் என்ற பொய்யை யார் காப்பாற்றுகிறார்கள்? யோசித்துப் பாருங்கள். வெளியூர்க் கொள்ளைக்காரனுக்குத் தெரியாது, துறைமுகத்து ரவுடிக்குத் தெரியாது, மற்ற காட்டு இனங்களுக்குத் தெரியாது. பந்தார் மக்களுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். இருபது பேரின் உடலையும் குகையில் அடக்கம் செய்ததை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அடுத்த பையன் அந்த உடைக்குள் நுழைவதைப் பார்த்தவர்கள். முதல் ஆளைக் கரையிலிருந்து தூக்கிவந்து பிழைக்க வைத்தவர்களும் அவர்கள், குகை வாசலில் நஞ்சு தோய்ந்த அம்போடு காவல் நிற்பவர்களும் அவர்கள். பந்தார் தலைவன் குரான் 21-வது வேதாளரின் பால்ய நண்பன், கூடவே வளர்ந்தவன். அப்படியென்றால் நானூறு வருடமாக இந்த மொத்த நாடகத்தையும் நடத்துவது பந்தார் மக்கள்தான். முகமூடி போட்டவர் அதில் மேடையில் நிற்கிற நடிகர்.

இது நான் புதிதாகக் கட்டிய கதை இல்லை, ஃபால்க் எழுதியதிலேயே இருக்கிற உண்மை. அதை யாரும் முன்னால் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். பந்தார் பக்கமிருந்து ஒரே ஒரு நீண்ட கதை வரட்டும். முதல் ஆள் கரை ஒதுங்கிய அன்றைக்கு அவர்கள் ஏன் அவனைக் காப்பாற்றினார்கள், அவனை வைத்து அவர்களுக்கு என்ன ஆக வேண்டியிருந்தது, எந்தத் தலைமுறையிலாவது இந்தப் பொய் போதும் என்று அவர்களுக்குள் ஒருத்தி எழுந்து நின்றாளா, ஒரு வேதாளர் தவறான ஆளாக வாய்த்துவிட்டால் என்ன செய்தார்கள்? குகையில் இருக்கும் குறிப்பேடுகள் எல்லாம் வேதாளர்கள் எழுதியவை. பந்தார் மக்களுக்கென்று வாய்வழியாக இன்னொரு வரலாறு இருக்காதா? அந்த வரலாறும் இந்தக் குறிப்பேடும் ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை என்றால்? இதைப் படித்த பையன் பழைய கதைகளைத் திரும்ப எடுத்துப் பார்ப்பான், அந்தப் பழைய கட்டங்களில் பின்னால் மௌனமாக நிற்கிற குரானின் முகம் அவனுக்கு வேறு மாதிரி தெரியும். ஒரு கோடுகூட மாற்றாமல் பழைய படம் மாறிவிடும். மறுதொடக்கம் என்ற பெயரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதுகிறவர்களால் இதைச் செய்யவே முடியாது, ஏனென்றால் மாற்றிப் பார்ப்பதற்குப் பழையது அவர்கள் கையில் இருக்காது.

வேறொரு தொடரில் இது நடந்திருக்கிறது. கௌபாய் தொடரான லக்கி லூக்கில் நாயகன் புகைப்பதை 1983-ல் நிறுத்திப் புல் தண்டைக் கடிக்க வைத்தார் அதைப் படைத்த மோரிஸ், அது மேல்பூச்சு மாற்றம், நல்ல மாற்றம்தான். ஆனால் 2020-ல் ஜூலும் அஷ்டேவும் செய்த ஆல்பத்தில், லூயிசியானாவில் ஒரு பருத்தித் தோட்டம் லூக்குக்குச் சொத்தாக வந்து சேர்கிறது. அடிமைத்தனம் முடிந்தும் முடியாத மண்ணில் அவன் போய் நிற்கிறான். நிஜத்தில் வாழ்ந்த கறுப்பு மார்ஷல் பாஸ் ரீவ்ஸ் கதைக்குள் வருகிறார். படம் அதே பழைய பாணி, லூக்கின் குதிரை ஜாலி ஜம்பர் அதே மாதிரி பேசுகிறது, டால்டன் கொள்ளைக்காரச் சகோதரர்கள் அதே மாதிரி முட்டாள்கள். ஆனால் அத்தனை வருடமாக அந்த மேற்குலகில் கண்ணுக்கே படாமல் இருந்தவர்கள் முதல் தடவையாக நடுக்கட்டத்தில் நிற்கிறார்கள். வேதாளருக்கு எனக்கு வேண்டியது இது.

இதற்கு நேர் எதிராக நடந்ததையும் சொல்ல வேண்டும். நவீனம் என்றால் இருட்டு, ரத்தம், அழுகை என்று நினைக்கும் ஒரு கூட்டம் உண்டு. 2010-ல் டைனமைட் நிறுவனம் கொண்டுவந்த வரிசையில், காட்டையும் சத்தியத்தையும் விட்டு விலகி வாழும் ஒரு கிட் வாக்கரின் (வேதாளர்களின் நிஜப் பெயர் அது) குடும்பத்தைக் கொன்று, அந்த வெறியில் அவரை வேதாளராக்கினார்கள். படங்கள் அழகு, மறுக்கவில்லை. ஆனால் குடும்பத்தைப் பறிகொடுத்துப் பழிவாங்கக் கிளம்பும் நாயகர்கள் ஏற்கனவே நூறு பேர் இருக்கிறார்கள். வேதாளரின் தனித்தன்மையே அவருக்குக் குடும்பம் இருப்பதுதான். 1936-ல் தொடங்கிய காதல் 1977-ல் கல்யாணத்தில் முடிந்தது, நாற்பத்தொரு வருடம் வாசகர்கள் காத்திருந்த கல்யாணம் அது. டயானா ஐ.நா.வில் வேலை பார்க்கிறவள், நீச்சல்குளத்தில் தலைகீழாகப் பாயும் ஒலிம்பிக் வீராங்கனை, தனக்கென்று வாழ்க்கை உள்ளவள். 1979-ல் இரட்டைப் பிள்ளைகள், கிட், ஹெலோயிஸ். முகமூடி நாயகன் ஒருவன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை சொல்வது வேறு எந்தத் தொடரில் இருக்கிறது? அதைக் கொன்றுவிட்டு என்ன நவீனம்!

நல்ல முயற்சிகளும் உண்டு, அவற்றை மறந்துவிடக்கூடாது. 1989-90-ல் டி.சி. நிறுவனத்துக்காக மார்க் வெர்ஹைடன் எழுதி லூக் மெக்டானல் வரைந்த பதின்மூன்று இதழ்களில் பசி, நிறவெறி, நச்சுக் கழிவு என்று அந்தக் காலத்து நிஜப் பிரச்சினைகளோடு வேதாளர் மோதினார். முகமூடியும் குதிரையும் அப்படியேதான் இருந்தன. எதிரிகள் மட்டும் கோட்டு போட்ட ஆட்களாக மாறியிருந்தார்கள். 1994-ல் வந்த கார்ட்டூன் தொடரில் 2040-க்குப் போய் 24-வது வேதாளரைக் காட்டினார்கள். உயரமான கட்டடங்கள், இயந்திர மனிதர்கள், அழிந்துகொண்டிருக்கும் இயற்கை. வெளித்தோற்றத்தில் அடையாளமே தெரியாத அளவு மாற்றம், ஆனால் அப்பா விட்டுப்போன வேலையைப் பிள்ளை எடுத்துக்கொள்வது என்ற எலும்பு அப்படியே இருந்தது, அதனால் அது வேதாளராகவே இருந்தது. தலைமுறை மாறுவதை ஏற்றுக்கொண்டால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் என்பதற்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் இதுதான்.

அப்புறம் தினசரித் துண்டுகள். பலர் பழைய புத்தகங்களோடு நின்றுவிட்டதால் இது தெரியாமலே இருக்கிறது. ஃபால்க் 1999-ல் இறக்கும்வரை எழுதினார், அறுபத்து மூன்று வருடம். அதன்பின் எழுத வந்தவர் டோனி டிபால், பத்திரிகையாளராக இருந்தவர். இந்த மனிதர் சத்தம் போடாமல் செய்திருக்கும் வேலையைப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இரட்டையர்களை வளர விட்டார், முதலில் அதைச் சொல்ல வேண்டும். பிறந்து பல வருடம் குழந்தைகளாகவே நின்றுபோன பிள்ளைகள் பதின்ம வயதுக்கு வந்தார்கள். கிட்டை இமயமலைப் பக்கம் ஒரு மடத்துக்குப் படிக்க அனுப்பினார், ஹெலோயிஸை நியூயார்க் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே அவளுடைய அறைத்தோழி கடியா, உலகமே தேடும் ஒரு பயங்கரவாதியின் மகள், ஆனால் அப்பா அப்படிப்பட்டவர் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் அந்த ஆளைப் பிடிப்பது வேதாளர் இல்லை, ஹெலோயிஸ். தன் தோழியின் அப்பாவை. அந்தக் கதை ஓடிய நாட்களில் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அன்றைய மூன்று கட்டங்களைத் தேடினேன், படித்துவிட்டு அடுத்த நாள்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2021-ல் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வருடம் ஓடிய ஒரு பெருங்கதையில், காட்டுக் கதைசொல்லி கிழவர் மோஸ் வேதாளரிடம் வருங்காலம் சொல்கிறார். கிரேவ்லைன்ஸ் சிறையில் இருக்கும் சவர்ணா தேவி என்ற பெண்ணை மீட்கப் போனால் உன் வம்சமே சிதறும், நீ பெயர் தெரியாதவனாகச் சாவாய் என்கிறார். பெரிய சண்டை எல்லாம் கிடையாது, இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதிலிருந்து விரிகிற கதை. நானூறு வருடச் சங்கிலி எந்த இடத்தில் அறுபடும் என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு, சரி இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறது. சங்கிலி அறுபடலாம் என்று சொல்ல ஒரு எழுத்தாளருக்கு அனுமதி இருக்கிறது என்றால், சங்கிலி கைமாறட்டும் என்று கேட்க எனக்கும் உரிமை உண்டு.

கைமாற வேண்டியது யாரிடம் என்பதில்தான் ரசிகர்களுக்குள் அடிதடி. ஹெலோயிஸ் என்றாலே இது இந்தக் காலத்துப் பெண்ணியத் திணிப்பு என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். 1952-லேயே ஃபால்க் பெண் வேதாளரை எழுதிவிட்டார். 17-வது வேதாளர் படுத்த படுக்கையாகிவிட, அவருடைய இரட்டைச் சகோதரி ஜூலி உடையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குகிறாள். வாசகர் யாரும் புத்தகத்தைக் கிழித்துப்போடவில்லை. எழுபது வருடத்துக்கு முன்னால் முடிந்தது இப்போது ஏன் முடியாது? என்னைப் பொறுத்தவரை இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவே தேவையில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே முகமூடியைப் பகிர்ந்துகொண்டால், ஒரே நாளில் இரண்டு இடத்தில் தோன்றும் சாகாத மனிதர் என்ற பழைய வதந்திக்கு நிஜமாகவே கால் முளைத்துவிடும். ஆனால் வெளியீட்டாளர்களுக்கு 21-வது ஆளை விட்டுவிடப் பயம். அந்தப் பயம் நியாயமாகவே இருக்கட்டும், அதற்கும் வழி உண்டு. கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரை 1948-லிருந்து நடத்தும் இத்தாலியின் போனெல்லி நிறுவனம், 2018-ல் இளம் வயது டெக்ஸை வைத்துத் தனியாக ஒரு மாத வரிசை தொடங்கியது. பழைய வரிசை தன்பாட்டுக்கு ஓடுகிறது, புதியது பக்கத்திலேயே ஓடுகிறது, யாருக்கும் எதுவும் பறிபோகவில்லை. வேதாளருக்குப் பின்னோக்கிப் போகாமல் முன்னோக்கிப் போகும் ஒரு தனி வரிசை, 22-வது வேதாளரின் வரிசை, அவ்வளவுதான் கேட்கிறேன்.

பழைய கதைகளை மறுபடி அச்சிடும்போது என்ன செய்வது என்பதும் இதோடு ஒட்டிய விஷயம். வசனத்தைத் திருத்துவது, படத்தை மாற்றி வரைவது, உறுத்தலான கதையை வரிசையிலிருந்து உருவிவிடுவது, மூன்றுக்கும் நான் எதிரி. வேதாளர் கதைகளில் கைவைப்பது புதுசும் இல்லை. 1964 முதல் 1990 வரை இந்தியாவில் வந்த இந்திரஜால் காமிக்ஸில் பங்காலா டென்காலி ஆயிற்று, சிங் கொள்ளையர் சிங்கா ஆனார்கள், வேதாளரின் அப்பாவைக் கொன்ற ராமா ராமாலு ஆனான். வாசகர் மனம் புண்படக்கூடாது என்று அன்றைக்குச் செய்தது, காரணம் புரிகிறது. ஆனால் மூலத்தை எழுதியவர் நம்மை எப்படிப் பார்த்தார் என்ற உண்மை அதில் மறைந்துபோயிற்று. கிழக்கத்திய பெயர் என்றாலே கொள்ளைக்காரன் என்று ஒருவர் எழுதியிருந்தால் எனக்கு அது தெரிய வேண்டும். தெரிந்த பிறகும் நான் அந்தக் கதையின் வேகத்தையும் தொடரை முதலில் வரைந்த ரே மூரின் அந்த நிழல் படிந்த படங்களையும் ரசிப்பேன், இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும். அப்படியே அச்சிடுங்கள், முன்னால் இரண்டு பக்கம் பின்னணி எழுதுங்கள், வாசகர் பார்த்துக்கொள்வார்.

இனி பையன் விஷயம். தொடக்கக் காலத்து 1930-கள் கதைகளை முதலில் கொடுக்காதீர்கள், அது நமக்குப் பிடிப்பதே நாம் ஏற்கனவே உள்ளே இருப்பதால்தான். ஸை பாரி 1961-லிருந்து 1994 வரை வரைந்த காலத்திலிருந்து, லுவாகா ஜனாதிபதியாகும் கதையைக் கொடுங்கள். படம் தெளிவாக இருக்கும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று குழம்பாது, கதையும் இன்றைக்குச் செய்தித்தாளில் படிக்கிற மாதிரியே இருக்கும். அது பிடித்தால் ஈடன் தீவு வரும் கதை ஏதாவது ஒன்று. புலியும் சிங்கமும் மீன் தின்று மானோடு சண்டையில்லாமல் வாழும் அந்தத் தீவைப் பிடிக்காத குழந்தையை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்புறம் ஜூலியின் கதை. இந்த மூன்றையும் முடித்துவிட்டு அவனே இன்னும் கேட்டால், டிபால் எழுதிய ஹெலோயிஸ்–கடியா கதைகளுக்கு நேராகக் கூட்டிப்போய்விடுங்கள், நடுவில் உள்ள வருடங்களை அவன் பிற்பாடு தானே தேடிக்கொள்வான். குரான் வரும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, இவருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லி வையுங்கள்.